ஜார்ஜ் வாஷிங்டன் வாயில் இருந்தது மரப்பல்லா? இம்ப்ளான்டா, பிரிட்ஜான்னு குழம்புறவங்க படிக்க வேண்டிய ஒரு அதிபரின் பல் கதை!

அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. அதில் இருக்கும் மனிதரின் வாயை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்க. உதடுகள் இறுக மூடியிருக்கும். சிரிப்பு சுத்தமா இருக்காது.

அவர்தான் அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன். ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796-ல் வரைந்த ஓவியத்தை வைத்துத்தான் அந்த நோட்டில் உள்ள முகம் செதுக்கப்பட்டது. அதே 1796-ல்தான் வாஷிங்டன் வாயில் மிச்சமிருந்த ஒரே ஒரு சொந்தப் பல்லும் போனது.

பல் விழுந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்கிறதா, பிரிட்ஜ் கட்டுறதா? இன்னைக்கு பல் டாக்டர் முன்னாடி உட்கார்ந்து பலரும் குழம்பும் கேள்வி இது. சுமார் 250 வருஷத்துக்கு முன்னாடி வாஷிங்டன் முன்னாலும் கிட்டத்தட்ட இதே கேள்விதான் நின்றது. பக்கத்துப் பல்லில் கட்டலாமா, எலும்பில் நடலாமா? ஒரே வித்தியாசம், அவருக்கு எந்த விடையும் சரியா அமையல. ஏன் அமையலைன்னு புரிஞ்சா, நமக்கு எது சரின்னு முடிவெடுக்கிறது ஈஸி. வாங்க பார்க்கலாம்.

24 வயதில் போன முதல் பல்

1732 பிப்ரவரி 22-ம் தேதி வர்ஜீனியாவில் பிறந்தவர் வாஷிங்டன். 19 வயதில் பார்படோஸ் தீவுக்குப் போனபோது அவருக்கு பெரியம்மை வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனா அந்தக் காலத்தில் பல நோய்களுக்குக் கொடுத்த மருந்துகளில் பாதரசம் இருக்கும். அது பல்லையும் ஈறையும் பாதிக்கக்கூடியது. அவர் பற்கள் சீக்கிரமே கெட்டுப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

1756-ல், 24 வயதில், முதல் பல் பிடுங்கப்பட்டது. கூலி 5 ஷில்லிங். செலவு செய்த ஒவ்வொரு காசையும் கணக்கெழுதும் பழக்கம் அவருக்கு இருந்ததால் இது நமக்குத் தெரிகிறது. அதுக்கு அப்புறம் அந்தக் கணக்குப் புத்தகங்களில் பல் பிரஷ், பல்பொடி, வாய் கழுவும் மருந்து என்று செலவுகள் தொடர்ந்து வருகின்றன.

ஆக, பல்லைக் கவனிக்காத ஆள் இல்லை அவர். தினமும் தேய்த்தார், மருந்து போட்டார், டாக்டரைப் பார்த்தார். ஆனா அன்றைய வைத்தியத்தில் சொத்தைப் பல்லைக் காப்பாற்ற நம்பகமான வழி கிடையாது. வலி தாங்க முடியலைன்னா பிடுங்குவது ஒன்றே வழி.

ஒரு பல் போனதும் கதை முடிவதில்லை. அந்த இடைவெளியை நோக்கிப் பக்கத்துப் பற்கள் மெல்லச் சாய ஆரம்பிக்கும். எதிர்த் தாடையில் இருக்கும் பல், கடிக்க ஜோடி இல்லாததால் நீண்டு இறங்கும். பல் இருந்த இடத்தில் தாடை எலும்பு கரையும். ஒரு பல் போச்சே தவிர ஒண்ணும் ஆகலைன்னு நாம நினைக்கிற மாதங்களில்தான் இதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும்.

கம்பியில் கட்டிய பல்: பிரிட்ஜின் தாத்தா

1770-களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பல் வைத்தியர் ஜான் பேக்கரிடம் வாஷிங்டன் போனார். பேக்கர் அவருக்குத் தந்தத்தில் செய்த பற்களைப் பொருத்தி, மிச்சமிருந்த சொந்தப் பற்களோடு கம்பியால் கட்டிவிட்டார்.

இன்றைய பிரிட்ஜுக்கு இதை ஒரு வகையில் தாத்தா என்று சொல்லலாம். யோசனை ஒன்றுதான்: இல்லாத பல்லை, இருக்கும் பற்கள் சுமக்க வேண்டும்.

இன்றைக்கு பிரிட்ஜ் எப்படிக் கட்டுறாங்க? இடைவெளிக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றிலும் தேய்த்துச் சிறிதாக்குவார்கள். அவற்றின் மேல் கேப் வரும். அந்த இரண்டு கேப்புக்கும் நடுவில், விழுந்த பல்லின் இடத்தில், ஒரு செயற்கைப் பல் ஒட்டியே இருக்கும். மூன்றும் சேர்ந்து ஒரே துண்டு. அதை சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படாது. சில வாரங்களில் வேலை முடிந்துவிடும்.

ஆனா தேய்த்த பல் திரும்ப வளராது. நல்லா இருந்த பல்லாக இருந்தாலும், தேய்த்த பிறகு அதற்கு வாழ்நாள் முழுக்க கேப் வேணும். கேப்பின் ஓரத்தில் சொத்தை வந்தால் வெளியே சீக்கிரம் தெரியாது. தாங்கி நிற்கும் ஒரு பல் கெட்டால் மொத்த பிரிட்ஜும் போய்விடும்.

வாஷிங்டனுக்கு நடந்ததும் இதுதான். கம்பி கட்டிய பற்கள் ஏற்கனவே பலவீனமானவை. அவற்றின் மேல் கூடுதல் பாரம் ஏறியது. ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தன.

எதிரி கையில் சிக்கிய பல் கடிதம்

1775-ல் சுதந்திரப் போர் தொடங்கியது. அமெரிக்கப் படையின் தளபதி வாஷிங்டன். போர்க்களத்தில் குளிர், பசி, தோல்வி எல்லாவற்றோடும் சேர்த்துப் பல் வலியையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு தாங்கினார். கடிக்க நிறைய பல் மிச்சமில்லை என்பது வேறு விஷயம்.

1781 மே மாதம் பிலடெல்ஃபியாவில் இருந்த பேக்கருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். பல்லில் கட்டிய கம்பியை முறுக்கும் இடுக்கி பற்றி அதில் விசாரித்தார். பல் சுத்தம் செய்யும் கருவி ஒன்றையும் கேட்டார். பிலடெல்ஃபியா பக்கம் இப்போதைக்கு வர வாய்ப்பில்லை என்றும் குறிப்பிட்டிருந்தார்.

அந்தக் கடிதம் பேக்கர் கைக்குப் போகல. வழியிலேயே பிரிட்டிஷார் கையில் சிக்கி, நியூயார்க்கில் இருந்த அவர்களின் தளபதி ஹென்றி கிளின்டனின் ஆவணங்களில் போய்ச் சேர்ந்தது. வாஷிங்டன் தெற்கே போகமாட்டார், நியூயார்க்கைத்தான் தாக்குவார் என்ற கிளின்டனின் நம்பிக்கையை இதுவும் உறுதிப்படுத்தியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனா வாஷிங்டன் படையோடு தெற்கே போனார். அந்த அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது.

அடுத்த வருஷம், 1782 டிசம்பரில், தன் தோட்ட நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட உறவினருக்கு இன்னொரு கடிதம். மவுன்ட் வெர்னன் வீட்டு மேசை அறையில் வைத்திருக்கும் தன் பற்களை எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். ஆமாங்க, விழுந்த சொந்தப் பற்களைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். செயற்கைப் பல் செட்டில் மறுபடியும் பயன்படுத்தலாமே என்ற எண்ணம்தான்.

அடுத்தவர் பல்லை நடலாமா?

இந்த இடத்தில்தான் கதை கொஞ்சம் கனமாகிறது.

18-ம் நூற்றாண்டில் பணக்காரர்கள் மத்தியில் ஒரு சிகிச்சை பிரபலமானது. ஒருவர் வாயிலிருந்து நல்ல பல்லைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் இன்னொருவரின் பல் குழியில் நட்டு, பக்கத்துப் பல்லோடு நூலாலோ வெள்ளிக் கம்பியாலோ கட்டிவிடுவது. லண்டனில் புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் ஹன்டர் இதை ஆதரித்தார். பல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பணம் தேவைப்பட்ட ஏழைகள்.

இது எலும்பில் நடும் யோசனை. அதாவது, இன்றைய இம்ப்ளான்டின் தாத்தா.

அமெரிக்காவில் இதைச் செய்தவர்களில் ஒருவர் பிரெஞ்சு பல் வைத்தியர் ழான் பியர் லெ மேயர். முன்பல்லைக் கொடுக்க முன்வருபவர்களுக்கு ஒரு பல்லுக்கு 2 கினி, அதாவது 42 ஷில்லிங் தருவதாக அவர் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். வாஷிங்டன் அவரிடம் சிகிச்சை பெற்றார்.

1784 மே மாதம் வாஷிங்டனின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. லெ மேயருக்காக 9 பற்கள் வாங்கிய வகையில், கறுப்பின மக்களுக்குக் கொடுத்த தொகை 6 பவுண்டு 2 ஷில்லிங். மொத்தம் 122 ஷில்லிங். ஒரு பல்லுக்கு வகுத்துப் பாருங்க, சுமார் 13 ஷில்லிங்தான் வருது. விளம்பரத்தில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கு.

அப்போது மவுன்ட் வெர்னன் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அடிமைகள். முடியாதுன்னு சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்மையில் எவ்வளவு இருந்திருக்கும்? பல் கொடுத்தவர்கள் யார் என்று அந்த வரியில் ஒரு பெயர்கூட இல்லை. அந்த 9 பற்களும் வாஷிங்டன் வாய்க்குள்தான் போயின என்று கணக்குப் புத்தகம் சொல்லவில்லை. ஆனா அவரிடம் இருந்த பல் செட்டில் மனிதப் பற்கள் இருந்தது உண்மை. பல் பிடுங்கும் வலி எப்படி இருக்கும் என்று அந்த நாட்டில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் குறைவு. அது தெரிந்தும்தான் அந்தப் பணம் கைமாறியது.

சரி, இப்படி நட்ட பல் நின்றதா? பெரும்பாலும் இல்லை. வேறொருவர் பல்லை எலும்பு தன்னோடு நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளாது. நட்ட பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சில மாதங்களிலோ சில வருடங்களிலோ அது விழுந்துவிடும். மேகநோய் போன்ற தொற்றும் பல்லோடு சேர்ந்து வரலாம்.

ஒரே ஒரு பல்லோடு பதவியேற்பு

1789 ஏப்ரல் 30. நியூயார்க்கில் ஃபெடரல் ஹால் மாடத்தில் நின்று அதிபராகப் பதவியேற்றார் வாஷிங்டன். வயது 57. புது நாடு, புதுப் பதவி, கீழே கூட்டம். அவர் வாயில் இருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று.

அந்த ஒற்றைப் பல்லை விட்டுவிடக் கூடாது என்று உறுதியாக இருந்தவர் நியூயார்க் பல் வைத்தியர் ஜான் கிரீன்வுட். சுதந்திரப் போரில் சிறு வயதிலேயே குழல் ஊதுபவராகச் சேர்ந்தவர். நீர்யானைத் தந்தத்தில் கீழ்த்தாடைக்கு ஒரு பல் செட் செதுக்கினார். அதில் ஒரு ஓட்டை விட்டார். சொந்தப் பல் அந்த ஓட்டை வழியாக நிற்கும், பல் செட் அதைப் பிடித்துக்கொள்ளும்.

கெட்டிக்கார யோசனைதான். ஆனா பாரம் மொத்தமும் ஒரே பல்லின் மேல்.

மேல் செட்டும் கீழ் செட்டும் சுருள் கம்பியால் இணைக்கப்பட்டிருந்தன. அந்த ஸ்பிரிங் இரண்டையும் எப்போதும் விலக்கித் தள்ளும். வாயை மூடி வைத்திருக்கவே தாடையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். டாலர் நோட்டில் இருக்கும் அந்த இறுகிய உதடுகள் இப்போ புரியுதா? பல் செட் உதட்டை வெளியே தள்ளுகிறது என்று கிரீன்வுட்டுக்கு அவரே கடிதத்தில் குறைபட்டிருக்கிறார்.

பல் போனால் சொல் போச்சு என்று நம்ம ஊரில் சொல்வாங்க. தான் பேசும் ஒவ்வொரு சொல்லையும் ஒரு நாடே கவனித்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய சங்கடமாக இருந்திருக்கும்!

மரப்பல் கதை எப்படி வந்தது?

வாஷிங்டனுக்கு மரப்பல் இருந்தது என்று பல தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அது உண்மை இல்லை. அவர் பயன்படுத்திய எந்தப் பல் செட்டிலும் மரம் கிடையாது. மவுன்ட் வெர்னன் அருங்காட்சியகத்தில் இருக்கும் முழு செட்டில் மனிதப் பற்கள், மாடு, குதிரைப் பற்கள் என்று கருதப்படுபவை, தந்தம், ஈயம் கலந்த உலோகம் இதெல்லாம்தான் இருக்கு.

அப்போ மரம் எங்கிருந்து வந்தது? தந்தத்தில் காலப்போக்கில் மெல்லிய கீறல்கள் விழும். அதில் கறை ஏறினால் மரத்தின் ரேகை மாதிரியே தெரியும். 1798-ல் பழுதுபார்க்க வந்த செட் கறுத்துப்போயிருந்ததைப் பார்த்த கிரீன்வுட், போர்ட் ஒயின்தான் காரணம் என்று எழுதி, ஒயின் குடிக்கும்போது கழற்றி வைக்கச் சொன்னார்.

கடைசிப் பல்

1796-ல் அந்தக் கடைசிப் பல்லும் எடுக்கப்பட்டது. அதைத் தானே வைத்துக்கொள்ள கிரீன்வுட் அனுமதி கேட்டார், கிடைத்தது. சின்னக் கூட்டில் அடைத்து, கடிகாரச் சங்கிலியில் கோத்து வைத்திருந்தார். சேவகம் செய்த பல்லுக்குக் கடைசி மரியாதை!

1799 டிசம்பர் 14-ம் தேதி, தொண்டையில் ஏற்பட்ட தொற்றால் 67 வயதில் வாஷிங்டன் இறந்தார். தனக்குச் சொந்தமான அடிமைகளைத் தன் மனைவி காலத்துக்குப் பிறகு விடுதலை செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். மனைவி மார்த்தா அதுவரை காத்திருக்காமல் 1801 ஜனவரி 1-ம் தேதியே அவர்களை விடுவித்தார்.

அவருக்குக் கிடைக்காத விடை

வாஷிங்டன் இறந்து 150 வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் எலும்பில் நடும் யோசனை வேலை செய்தது. 1950-களில் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க், எலும்பு எப்படி ஆறுகிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியம் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால் வரல. எலும்பு டைட்டானியத்தோடு இறுகச் சேர்ந்துவிட்டிருந்தது. 1965-ல் முதன்முறையாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டானியம் திருகுகளை வைத்தார்.

இன்றைய இம்ப்ளான்ட் இதுதான். தாடை எலும்பில் ஒரு டைட்டானியம் திருகு. எலும்பு அதோடு சேர வழக்கமாக 3 முதல் 6 மாதம். அப்புறம் மேலே கேப். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டியதில்லை. எலும்புக்கு வேலை இருப்பதால் அந்த இடத்தில் கரைவதும் குறையும். யார் வாயிலிருந்தும் எதையும் எடுக்க வேண்டியதும் இல்லை.

அப்போ உங்களுக்கு எது?

வாஷிங்டன் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புதுப் பல் எதன் மேல் நிற்கப்போகிறது? பிரிட்ஜ் நிற்பது பக்கத்துப் பற்கள் மேல். இம்ப்ளான்ட் நிற்பது எலும்பு மேல். எது பலமோ அதைப் பார்த்துத்தான் முடிவு.

பக்கத்துப் பற்கள் இரண்டும் சொத்தை இல்லாமல் முழுசா இருக்கா? எலும்பும் போதுமான அளவு இருக்கா? அப்போ நல்ல பல்லைத் தேய்க்காமல் இம்ப்ளான்ட் வைப்பதைப் பெரும்பாலான டாக்டர்கள் முதலில் யோசிப்பார்கள்.

பக்கத்துப் பற்களில் ஏற்கனவே ரூட் கெனால் செய்திருக்கா, பெரிய அடைப்பு இருக்கா? எப்படியும் அவற்றுக்கு கேப் போட வேண்டியிருந்தால் பிரிட்ஜ் நியாயமான தேர்வு. ஒரே வேலையில் மூன்றும் முடியும்.

பல் போய் பல வருஷம் ஆச்சா? எலும்பு கரைந்திருக்கலாம். இம்ப்ளான்டுக்கு முன் எலும்பு ஒட்டு சிகிச்சை தேவைப்படலாம். அதற்குக் கூடுதல் செலவும் மாதங்களும் ஆகும். ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும்.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, புகைப்பழக்கம், தாடையில் ரேடியேஷன் சிகிச்சை, எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் சில மருந்துகள்... இவை இருந்தால் இம்ப்ளான்ட் எலும்போடு சேர்வதில் சிக்கல் வரலாம். டாக்டரிடம் மறைக்காதீங்க. வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு இம்ப்ளான்ட் வைக்க மாட்டார்கள்.

செலவு? தொடக்கத்தில் இம்ப்ளான்டுக்குத்தான் பொதுவாக அதிகம். பிரிட்ஜை 10, 15 வருஷம் கழித்து மாற்ற வேண்டி வரலாம். இம்ப்ளான்ட் திருகு அதைவிட நீண்ட காலம் நிற்கக்கூடியது, ஆனா மேலே உள்ள கேப்பை இடையில் மாற்ற வேண்டியிருக்கலாம். இரண்டிலும் சுத்தம் முக்கியம். இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது, ஆனா அதைச் சுற்றியுள்ள ஈறிலும் எலும்பிலும் தொற்று வரும். பிரிட்ஜுக்கு அடியில் நூல் விட்டு தினமும் சுத்தம் செய்யணும்.

டாக்டரைப் பார்க்கும்போது நான்கு விஷயம் கேளுங்க. பக்கத்துப் பற்களின் நிலை என்ன? எலும்பு எவ்வளவு இருக்கு? இது தோற்றால் அடுத்த வழி என்ன? இப்போ எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

அந்த மூன்றாவது கேள்வி முக்கியம். ஒவ்வொரு முறை ஒரு வழி தோற்றபோதும் வாஷிங்டனுக்கு மிச்சமிருந்த வழிகள் குறைந்துகொண்டே போயின. கம்பி கட்டப் பல் இருந்தவரை கம்பி, ஓட்டை விட ஒரு பல் இருந்தவரை ஓட்டை, அப்புறம் வெறும் ஸ்பிரிங். ஒரு நாட்டையே ஜெயித்துக் கொடுத்தவருக்கு, நிம்மதியா கடிச்சுச் சாப்பிட ஒரு பல் கிடைக்கல.

உங்களுக்கு ஒரு பல் போயிருக்கா? இப்போ உங்க கையில் இரண்டு வழியும் இருக்கு. இரண்டும் இருக்கும்போதே டாக்டரைப் போய்ப் பாருங்க.